இரண்டில் நிற்க வேண்டிய குண்டு

குறைமாதக் குழந்தைகள் அறையில் சிஸ்டர் எனக்குச் சொன்ன முதல் விஷயம், எதைத் தொடக் கூடாது என்பதுதான். பால் புகட்டும் பாலாடையைத் தொடலாம், குழந்தையின் பாதத்தைத் தொடலாம், ஈரத்துணியை மாற்றலாம். சிலிண்டரையும் அதன் மேலிருந்த திருகையும் மட்டும் தொடக் கூடாது. "புரிஞ்சுதாம்மா?" என்று இரண்டு முறை கேட்டார். புரிந்தது என்றேன். சொன்ன பேச்சைக் கேட்பவள் நான். படித்த காலத்திலும் அப்படித்தான், கல்யாணமான பிறகும் அப்படித்தான். அப்படிப்பட்டவள் அதைச் செய்தேன் என்பதை இன்றைக்கும் எனக்கே நம்பும்படி சொல்லிக்கொள்ள முடியவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. நானும் என் கணவரும் ஜவ்வாது மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் கணக்கு, நான் விஞ்ஞானம். அவருடைய ஊர் மலையடிவாரத்தில், படவேட்டுப் பக்கம். ஏழாம் மாதம் தொடங்கியதுமே நான் கீழே இறங்கிவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு. அரையாண்டுத் தேர்வு முடியட்டும், விடைத்தாள் திருத்திக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நான்தான் தள்ளிப் போட்டேன். வேறு யாராவது திருத்தியிருக்கலாம். தலைமையாசிரியர் கூட "போய்ட்டு வாங்கம்மா, பாத்துக்கலாம்" என்றார். நான் போகவில்லை.

மார்கழிப் பனியில் ஒரு காலை, ஏழாம் வகுப்பில் நின்றுகொண்டிருந்தபோதே வலி வந்துவிட்டது. மலைமேல் இருந்த சுகாதார நிலையத்துக்கு என்னைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். பத்து மணிக்கெல்லாம் பெண் குழந்தை பிறந்துவிட்டது. அது அழவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகியது. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே ஒரு குழி விழுந்தது. கட்டை விரலை வைத்தால் உள்ளே போகும் போல. உதடு நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது.

நர்ஸ் தன் விரலால் குழந்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "இங்க காத்து குடுக்க ஒண்ணும் இல்லீங்க டீச்சர். இப்பவே கீழ போய்டுங்க. வூட்டுக்கெல்லாம் போவாதீங்க, நேரா ஆஸ்பத்திரிதான்."

வனத்துறை ஜீப் ஒன்று கிடைத்தது. குழந்தையைப் பஞ்சில் சுற்றி என் ரவிக்கைக்குள் வைத்து, மேலே கம்பளியைப் போர்த்தினார்கள். போளூருக்கு இறங்கும் வளைவுகளில் ஒவ்வொரு முறையும் அந்த முனகல் நின்றுவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். நின்ற இடங்களில் பாதத்தைச் சுண்டினேன். அது நர்ஸ் சொல்லிக் கொடுத்தது. சமவெளியில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். எடை போட்டார்கள்: ஒன்றே கால் கிலோ.

அந்த அறையில் மொத்தம் நான்கு மரப்பெட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பல்பு எரியும்; அந்தச் சூட்டில் குழந்தை கிடக்கும். என் மகளின் தலைமேல் ஒளி ஊடுருவும் சிறிய பெட்டி ஒன்றைக் கவிழ்த்திருந்தார்கள். பிராணவாயு அடைத்த கறுப்புச் சிலிண்டரிலிருந்து வந்த குழாய், தண்ணீர் புட்டி ஒன்றுக்குள் புகுந்து, குமிழியிட்டு, அந்தப் பெட்டிக்குள் போனது. சிலிண்டரின் மேல் ஒரு கண்ணாடிக் குழல். அதில் கோடுகளும் எண்களும். உள்ளே பட்டாணி அளவில் ஒரு குண்டு. காற்று எவ்வளவு போகிறதோ அந்த எண்ணில் குண்டு மிதக்கும். முதல் நாள் ஐந்தில் மிதந்தது. மறுநாள் சிஸ்டர் அதை நான்குக்கு இறக்கினார். நான்காம் நாள் மூன்று. ஒரு வாரத்தில் இரண்டு.

சிஸ்டருக்கு நாகர்கோவில் பக்கம். நாற்பது வயதிருக்கும். ஒவ்வொரு முறை குறைக்கும் முன்பும் குழந்தையின் கீழுதட்டைச் சுண்டுவிரலால் மெல்ல மடக்கி உள்புறத்தின் நிறத்தைப் பார்ப்பார். குறைத்துவிட்டுக் கால் மணி நேரம் நகராமல் நிற்பார். "உதட்டப் பாத்துதான் குடுக்கணும், அம்மாவோட முகத்தப் பாத்துக் குடுக்கக் கூடாது" என்பார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

ஏன் குறைக்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்டது ஞாபகம் இருக்கிறது. "கூடிப் போச்சுன்னா கண்ணக் கெடுக்கும்மா. இவ்வளவு சின்னதுக்குக் கண்ணு இன்னும் முழுசா வெளஞ்சிருக்காது" என்றார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. எனக்குச் சொல்லப்பட்டது. நான்தான் அதை நம்பவில்லை.

துணைக்கு வந்திருந்த என் மாமியாரிடம் அன்று மாலை வராந்தாவில் இதைச் சொன்னபோது அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார். "மூக்குல போற காத்துக்கும் கண்ணுக்கும் இன்னாடி சம்பந்தம்? காத்துல கூட கஞ்சத்தனம் பண்றா அவ. நாலு புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்ற, ஒம் புள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வெய்யின்னு கேக்க வாய் வரல."

"டாக்டரம்மா சொன்னாத்தான் வெப்பாங்க அத்தை."

"அப்போ டாக்டரம்மாவக் கேளு. அதுக்கும் நானா வரணும்?"

நான் கேட்கவில்லை. ஆனால் மாமியார் கேட்ட கேள்வி என் கேள்வியாகவும் ஆகிவிட்டது. எட்டாம் வகுப்புக்கு நான் பிராணவாயு பாடம் நடத்துகிறவள். அணையப் போகும் தீக்குச்சியை அந்த வாயு நிறைந்த குடுவைக்குள் விட்டால் குப்பென்று பற்றும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். உயிர் வாழ இன்றியமையாதது என்று கரும்பலகையில் எழுதுவேன். அதிகமானால் கெடுக்கும் என்று எந்தப் பாடநூலிலும் ஒரு வரி நான் படித்ததில்லை. படிக்காதவளாக இருந்தால் சிஸ்டரின் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டிருப்பேன் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அடுத்த பெட்டியில் கிடந்தது ஒரு மலைக்காரப் பெண்ணின் மகன். எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு மலை தள்ளி அவளுடைய ஊர். என்னைவிடச் சின்னவள். மலையில் யாரையும் 'நீ' என்றுதான் சொல்வார்கள், அதிகாரியானாலும் சரி. அவளும் என்னை அப்படித்தான் அழைத்தாள்.

"டீச்சரம்மா, ஒம் புள்ள மூக்க மூக்க ஆட்டுது பாரு. எம் புள்ளைக்கு அதுக்குக் கூட சோம்பேறித்தனம். அப்பன மாதிரி."

அவள் குழந்தைக்கும் மூச்சுத் திணறல். அதன் தலைமேலும் ஒரு பெட்டி. அவள் சிலிண்டர் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். பாம்பைச் சுற்றிப் போவது போல அதைச் சுற்றிப் போவாள். சாமைக் கஞ்சி காய்ச்சி எனக்கும் ஒரு சொம்பில் கொண்டுவந்து கொடுப்பாள். பால் ஊறும் என்பாள். பால் ஊறத்தான் செய்தது.

பத்தாம் நாள் காலை சிஸ்டர் அந்தக் குழந்தையின் குண்டை மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கியதை நான் பார்த்தேன். அடுத்த நாள் பகல் பதினொரு மணிக்கு அது இறந்துவிட்டது. ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்று டாக்டர் அவளிடம் விளக்கினார். முந்தைய நாளே அதற்கு உடம்பு சில்லிட்டிருந்தது, வயிறு உப்பியிருந்தது. அதையும் நான் பார்த்துத்தான் இருந்தேன். ஆனால் என் மனதில் நின்றது சிஸ்டரின் கை திருகைத் திருப்பியது மட்டும்தான்.

அந்தப் பெண் அழவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றி, பால் குடிக்கும் குழந்தையைப் பிடிப்பது போல மார்போடு அணைத்து, மேலே முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டாள். அவள் புருஷன் மஞ்சள் பையையும் சொம்பையும் எடுத்துக்கொண்டான்.

"போளூரு பஸ்ல போய் மலைக்கு மாறணும்" என்றாள் என்னிடம். "செத்த புள்ளைன்னா ஏத்த மாட்டான். தூங்குதுன்னு சொல்லப் போறேன். நீயும் யாருகிட்டயும் சொல்லாத, டீச்சரம்மா. ஒங்க அத்தைகிட்டயும் சொல்லாத, அது சத்தமாப் பேசும்."

சொல்ல மாட்டேன் என்றேன். என்னிடம் இரண்டு கம்பளிக் குல்லாய்கள் இருந்தன. ஒன்றைக் கொடுத்தால் குழந்தையின் முகம் மறையுமே என்று தோன்றியது. என் குழந்தையின் குல்லாய் செத்த குழந்தையின் தலைக்குப் போகலாமா என்றும் உடனே தோன்றியது. யோசித்துக்கொண்டே நின்றேன். அவர்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான்கு மணி நேரப் பயணம். கண்டக்டர் கேட்டிருப்பாரோ, பக்கத்து சீட்டுப் பெண்கள் குழந்தை ஏன் அசையவில்லை என்று கேட்டிருப்பார்களோ, எனக்குத் தெரியாது.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, பிழிந்த பாலோடு உள்ளே போனேன். அந்த நேரத்தில் சிஸ்டர் சாப்பிடப் போவார். கடைசியில் இருந்த மேசையில் ஒரு பயிற்சி நர்ஸ் மட்டும் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பார். மகளின் முகம் எனக்கு வெளிறித் தெரிந்தது. பல்பு வெளிச்சத்தில் எல்லாக் குழந்தையும் அப்படித்தான் தெரியும். நான் திருகில் கை வைத்தேன். அது நான் எதிர்பார்த்ததைவிட இலேசாகத் திரும்பியது. குண்டு துள்ளி ஐந்துக்குப் போனது. புட்டியில் குமிழிகள் சளசளத்தன. நர்ஸ் நிமிர்ந்து பார்ப்பாரோ என்று பயந்தேன். பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் கன்னம் சிவந்தது. அல்லது சிவந்ததாக நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து மீண்டும் இரண்டுக்கு இறக்கிவிட்டு வெளியே வந்தேன். மனசு லேசாக இருந்தது. பத்து நாட்களில் முதன்முறையாக என் குழந்தைக்கு நான் ஏதோ செய்திருக்கிறேன் என்ற நினைப்பு. வராந்தாவில் மாமியார் பிசைந்து வைத்திருந்த சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன்.

மறுநாளும் செய்தேன். அதற்கு மறுநாளும். நான்காம் நாள், குண்டு ஐந்துக்கும் மேலே இருந்தபோது பயிற்சி நர்ஸ் எழுந்து வந்து, "நேரமாச்சுங்க, டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வருவாங்க, கெளம்புங்க" என்று என் பக்கத்திலேயே நின்றுவிட்டார். என்னால் திருகைத் தொட முடியவில்லை. பாலாடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். டாக்டர் பார்த்துவிடுவார், சரி செய்துவிடுவார் என்று நினைத்தேன். அன்று டாக்டருக்குப் பிரசவ அறையில் வேலை வந்துவிட்டது. சிஸ்டருக்கு அன்று மதியத்திலிருந்தே ஓய்வு. மறுபடி உள்ளே போக எனக்கு அனுமதி மறுநாள் காலைதான். அனுமதி இல்லாமல் போயிருக்கலாம். கதவைத் தட்டி, "குண்டு மேலே இருக்கிறது, பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் ஏற்றியது என்று கேட்பார்களே என்று வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் சிஸ்டரின் சத்தம் வெளியே கேட்டது. அப்படி அவர் கத்தி நான் கேட்டதில்லை. பயிற்சி நர்ஸ்கள் மணிக்கொரு முறை சார்ட்டில் இரண்டு, இரண்டு, இரண்டு என்று எழுதி வைத்திருந்தார்கள். முந்தைய வரியைப் பார்த்து அடுத்த வரி. குண்டை யாரும் பார்க்கவில்லை. சிலிண்டரைத் துடைப்பது அங்கே கூட்டிப் பெருக்கும் ஆயாவின் வேலை. அதனால் பழி அந்த அம்மாள் மேல் விழுந்தது.

"நான் துடைக்கவே இல்லீங்க சிஸ்டரு. நேத்து அந்தப் பக்கமே போவலீங்க. எம் பசங்க மேல சத்தியமா."

"பின்ன அது தன்னாலயா ஏறுச்சு?"

நான் கதவருகில் நின்றிருந்தேன். பாலாடை என் கையில் இருந்தது. ஆயா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று அல்ல, யாரையாவது பார்க்க வேண்டும் என்று. நான் குனிந்துகொண்டேன். அடுத்த நாள் முதல் அவள் சலவைக் கொட்டகைக்கு மாற்றப்பட்டாள். வெந்நீரும் சோடாவும் கையை அரிக்கும் வேலை அது.

சார்ட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. அது இரண்டு என்றே இருந்தது.

ஏழு வாரம் கழித்து, குழந்தை ஒன்றே முக்கால் கிலோ ஆனதும் எங்களை அனுப்பினார்கள். சித்திரை வரைக்கும் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு மலைக்கு ஏறினோம். என் மகள் மூச்சு விட்டாள், பால் குடித்தாள், சதை பிடித்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் பிழைத்ததே பெரிசு என்றார்கள். நான் யாரும் இல்லாத நேரத்தில் டார்ச் லைட்டை எடுத்து அவள் முகத்துக்கு நேராகக் காட்டி இடமும் வலமும் நகர்த்துவேன். சில நாள் பார்வை கூடவே வரும். சில நாள் வராது. வந்த நாளில் பயம் வீண் என்று நினைப்பேன். வராத நாளில் பசியாக இருக்கும் என்று நினைப்பேன். இப்படி மூன்று மாதம்.

விடுதியில் சமைக்கும் மலைக்காரப் பெண்தான் கடைசியில் சொன்னாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தவள், "டீச்சரம்மா, இங்க வா. எடது கண்ணுல பூ விழுந்திருக்குது பாரு. உள்ளாற வெள்ளையாத் தெரியுது" என்றாள். எனக்கு அது இரண்டு வாரமாகத் தெரியும்.

மீண்டும் அதே ஆஸ்பத்திரி. கண் டாக்டர் வயதான அம்மாள், பொறுமையாகப் பார்த்தார். இடது கண் போய்விட்டது. அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வலது கண்ணில் பார்வை இருக்கிறது, குறைவாக இருக்கிறது, கண்ணாடி போட வேண்டும், அதுவும் எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது. பிறகு பழைய சார்ட்டைப் புரட்டினார்.

"இவங்க நல்லாத்தான் பாத்திருக்காங்க. ரெண்டாவது வாரத்துலருந்து ரெண்டுக்கு மேல போகவே இல்ல. இவ்வளவு கவனமா குடுத்தும் சில குழந்தைக்கு வந்துடுது."

என் கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "அப்போ யாரு மேலயும் தப்பில்லீங்களா டாக்டர்?"

"தப்புன்னு சொல்ல ஒண்ணும் இல்லப்பா."

என் கணவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பஸ்ஸில் திரும்பும்போது யார் மேலும் தப்பில்லை என்பதை இரண்டு முறை என்னிடம் சொன்னார், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று. அவர் நல்லவர். அன்று நான் வாய் திறக்காததற்கு அவர் பக்கத்தில் இருந்தது காரணம் என்று வைத்துக்கொண்டேன். அவர் இல்லாமல் இருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு.

மகளுக்கு நான்கு வயதானபோது வலது கண்ணிலும் பார்வை குறையத் தொடங்கியது. தட்டில் இருக்கும் சோற்றை விரலால் தடவித் தேடினாள். பள்ளியில் தணிக்கை இருந்ததால் என் கணவரால் வர முடியவில்லை. நான் மட்டும் அவளை அழைத்துக்கொண்டு இறங்கினேன். பஸ்ஸில் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. டாக்டர் அந்தச் சார்ட்டை வைத்துத்தான் வைத்தியம் பார்க்கிறார். அந்தச் சார்ட் பொய். உண்மை தெரிந்தால் வேறு ஏதாவது மருந்து, வேறு ஏதாவது வழி இருந்துவிட்டால்? என் வாய்தான் அதை அடைத்துக்கொண்டிருக்கிறதா? போய்ச் சேரும்வரை வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

டாக்டர் பரிசோதித்து முடித்து, கை கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

"அந்த ஆயா தொடலீங்க" என்று ஆரம்பித்தேன். அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். இடையில் என் மகள் மேசை மேலிருந்த பேனா மூடியைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளு?"

"மூணு நாள் அர மணி நேரம். நாலாவது நாள், மதியத்துலருந்து மறுநாள் காலை வரைக்கும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இதாலதான் போச்சுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. இதால இல்லன்னும் சொல்ல முடியாது. இவ்வளவு கொறமாசத்துல பொறந்த புள்ள."

"இப்ப தெரிஞ்சதால வைத்தியத்த ஏதாச்சும் மாத்த முடியுங்களா டாக்டர்?"

"இல்ல. அன்னிக்கே சொல்லியிருந்தாலும் இதே கண்ணாடிதான்." கண்ணாடிச் சீட்டை எழுதிக்கொண்டே, "வலது கண்ணு உள்ள இருக்கிற திரை ஒரு ஓரத்துல இழுத்துக்கிட்டு நிக்குது. அப்படியே நின்னாலும் நிக்கலாம். பாக்கலாம்" என்றார்.

பழைய சார்ட்டை எடுத்து அந்த நான்கு நாட்களுக்கு எதிரே ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது. தாய் சொன்ன தகவல்படி, சார்ட்டில் உள்ள அளவு நம்பத் தகுந்ததல்ல என்று எழுதியிருந்தார். அந்த ஆயா இப்போதும் சலவையில்தான் இருக்கிறாளா என்று கேட்டேன். எந்த ஆயா என்று அவருக்குத் தெரியவில்லை. சலவைக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே இருந்தவர்கள் எல்லாம் புது ஆட்கள். ஒருத்தி மட்டும், "அது நின்னு ரெண்டு வருசம் இருக்குமே" என்றாள்.

போளூர் பஸ் நிலையத்தில் என் கணவர் காத்திருந்தார். தணிக்கை சீக்கிரம் முடிந்துவிட்டதாம். எங்களை அழைத்துப் போக மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்து, மூக்கோடு மூக்கு உரச நெருங்கி, பார்த்து, "அப்பா" என்றாள்.

"இன்னா சொன்னாங்க?" என்றார் என்னிடம்.

"கண்ணாடிய மாத்தணுமாம். இன்னும் பவர் கூட."

"அவ்ளோதானா? வேற ஒண்ணும் சொல்லலியா?"

டாக்டரிடம் சொன்ன அதே வார்த்தைகள் இன்னும் வாயில் இருந்தன. அவர் கூட்டத்தில் மகளின் தலையை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, மலை பஸ்ஸில் சீட்டுப் பிடிக்க வேகமாக முன்னால் நடந்தார். "இல்ல" என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பின்னால் நடந்தேன்.